ஊஞ்சக்காட்டுக்கு வந்த நோ பிக் டீல்

ஊஞ்சக்காட்டுக்கு ஒதுக்கப்பட்ட ஆங்கில மரபுத்தொடர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பார்சல் வண்டியில் வந்து சேர்ந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பே மரபுத்தொடர் வாரியத்துக்கு மனுப் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சின்னேரிப்பாளையத்துக்கு 'பீஸ் ஆஃப் கேக்' வந்ததிலிருந்து அங்கே எல்லா வேலையும் சுலபமாக முடிந்துகொண்டிருந்தது. மினி பஸ்கூட அந்த ஊரில் ஒரே வளைப்பில் திரும்பியது. ஊஞ்சக்காட்டில் அதே பஸ் ஏழு முறை முன்னே பின்னே போய் வந்தால்தான் திரும்பும். வயிறு எரியாதா பின்னே?

ஊஞ்சக்காட்டுக்கு வந்தது 'நோ பிக் டீல்'. பஞ்சாயத்துத் தலைவர் நடராசு பெட்டியைப் பிரித்தார். உள்ளே தெர்மாகோலுக்கு நடுவில், பளபளவென்ற பாலித்தீன் உறைக்குள் மூன்று சொற்களும் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் எதைப் பிடித்துத் தூக்கினாலும் மற்ற இரண்டும் கூடவே வந்தன. எடை மூன்று கிலோ இருநூறு கிராம் என்று பெட்டிமேல் அச்சிட்டிருந்தார்கள். நிறம் பழுப்பு என்றார்கள் சிலர், வெளிர்நீலம் என்றார்கள் சிலர். உறை மினுங்கியதில் சரியாகத் தெரியவில்லை.

கூடவே வந்த கையேட்டை நடராசு உரக்கப் படித்தார். பொருள்: பெரிய விஷயமில்லை, மனதில் ஒன்றுமில்லை. ஒருவர் மன்னிப்புக் கேட்கும்போது சொல்லலாம், நன்றி சொல்லும்போதும் சொல்லலாம். சொல்பவர் மனதில் உண்மையாகவே ஒன்றும் இருக்கக் கூடாது. பழகியவர்களிடம் மட்டும் பயன்படுத்தவும். மேலதிகாரியிடமும் விண்ணப்பங்களிலும் இழவு வீட்டிலும் பயன்படுத்த வேண்டாம். நேரடி வெயில் படாமல் வைக்கவும். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. ஓராண்டு முடிவில் வாரியத்தின் ஆய்வாளர் நேரில் வந்து தேய்மானம் பார்ப்பார்.

"இதுதான் நம்மகிட்டயே இருக்குதேங்க," என்றார் முடிதிருத்தும் சுப்புராசு. "பரவாயில்லைன்னு நாம சொல்றதில்லையா?"

சொல்வார்கள்தான். ஆனால் ஊஞ்சக்காட்டில் ஒருவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால், குறைந்தது பத்து வருடத்துக்கு இதை மறக்கப்போவதில்லை என்று பொருள். கேட்டவருக்கும் அது தெரியும், சொன்னவருக்கும் தெரியும். சுப்புராசுவே ஒரு பந்தியில் மாமன் வேட்டியில் ரசத்தைக் கொட்டி, ஒரு பரவாயில்லையை வாங்கிக்கொண்டு, அன்றிலிருந்து மாமன் வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போய் வருகிறார். அது நினைவுக்கு வந்ததும் அவர் குனிந்து தெர்மாகோல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் நாகமணியைப் பார்த்தார்கள்.

நாகமணி வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எதுவானாலும் அண்டாவும் குண்டாவும் கரண்டியும் அவளிடமிருந்துதான் போகும். திரும்பி வரும்போது ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரலால் சுண்டி, காது வைத்துக் கேட்பாள். எந்த ஒடுக்கு யாரால் விழுந்தது என்று நோட்டில் எழுதிவைக்க வேண்டிய தேவை அவளுக்கு இருந்ததில்லை. தேய்மானம் பார்க்க ஆய்வாளர் வருகிறார் என்றால், அவர் எதற்கு வருவார் என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அவளும் அதைத்தானே இருபத்தாறு வருடமாகச் செய்துவருகிறாள்.

"ஒரு கீறல் விழாம நான் பாத்துக்கறனுங்க," என்றாள். ஊருக்கு நிம்மதியாக இருந்தது.

அவள் ஞாபகத்திலிருந்த ஒடுக்குகளிலேயே பெரியது எதிர்ச்சாரியில் மாவு மில் வைத்திருக்கும் பாவாத்தாளுடையது. நாகமணி தன் சொந்தப் பணத்தில் முதன்முதலாக வாங்கிய அண்டா அது. இருநூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கும். பாவாத்தாள் மகளின் சடங்குச் சீருக்குப் போய்விட்டு அது திரும்பும்போது டிராக்டரிலிருந்து விழுந்து, ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. பாவாத்தாள் அரைச் சிப்பம் ராகி மாவோடு வந்து மன்னிப்புக் கேட்டாள். நாகமணி மாவை வாங்கி வைத்துக்கொண்டு, "பரவாயில்லை," என்றாள். அதோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே வருடத்தில் கல்யாணம் ஆனவர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் ஒன்றரை மணி நேரம் ஊர்க்கதை பேசியவர்கள், ஒன்பது வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரிலேயே மில் இருக்க, நாகமணி நாலு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் மாவு அரைத்துக்கொண்டு வந்தாள்.

மரபுத்தொடரை அவள் பீரோவின் நடுத் தட்டில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு மூலையிலும் பாச்சை உருண்டை போட்டாள். மாதம் ஒருமுறை உறைமேல் ஈரத்துணியால் துடைப்பாள். கணவர் லாரியோடு வடக்கே போனால் திரும்பி வரப் பதினைந்து நாளாகும். மதிய நேரத்தில் வீடு வெறிச்சென்று கிடக்கும். பீரோவைத் திறந்துவைத்து அதனிடம் ஊர்க்கதை பேசும் பழக்கம் அவளுக்கு எப்படியோ வந்துவிட்டது. அது குறுக்கே பேசாது. தலைவர் புது மோட்டாருக்கு எலுமிச்சம்பழம் வைத்த கதையை அவள் சொன்னபோது உறை லேசாகச் சலசலத்தது. பாவாத்தாளுக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசியது அதனிடம்தான். அது இல்லாமல் ஒரு மதியத்தைத் தள்ளுவது எப்படி என்று இப்போது அவளுக்குத் தெரியாது.

ஊரும் அதை மரியாதையாக நடத்தியது. மாரியம்மன் நோம்பிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, உறைமேல் சந்தனம் வைத்தார்கள். நடராசு வீட்டுக் கல்யாணத்தில் மேடையில் மாப்பிள்ளைக்கு இடது பக்கம் வைத்தார்கள். போட்டோவில் மாப்பிள்ளையைவிட அதுதான் நன்றாக விழுந்திருந்தது. சவரத்தில் கன்னம் கீறிப்போன ஒருவர், சுப்புராசு மன்னிப்புக் கேட்டுவிட்டார், பதில் சொல்ல அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்று நாகமணியிடம் வந்து நின்றார்.

"இத்தினியூண்டு கீறலுக்கெல்லாமா அதை எடுக்கறது?" என்றாள் நாகமணி. "நல்ல காரியத்துக்கு ஆகட்டுமுங்க."

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போய்ப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அன்று முதல் தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

ஒரு வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆய்வாளர் திருவேங்கடம் வந்தார். ஒல்லியான, சாந்தமான மனிதர். தோளில் காக்கிப் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நாகமணி பீரோவைத் திறந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு மரபுத்தொடரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வெளியே ஊரே நின்றது.

"பாருங்க சார். வந்தது வந்தபடி இருக்குது. ஒரு கீறல் கிடையாது."

திருவேங்கடம் உறையைத் தடவிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பிரிக்கவே இல்லீங்களா?"

"பிரிக்கலைங்க சார்."

"புழங்குனாத்தானேங்கம்மா இது உங்க ஊர்ல இருக்கும். புழங்காததைத் திருப்பி எடுத்துட்டுப் போறதுதான் என் வேலை," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "நாலு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பணும். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் ஒழுங்கா ஒரு தடவை சொல்லிட்டாலும் போதும். எழுதிட்டுப் போயிடறேன்."

நாகமணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடம் பாத்திரம் வாடகைக்கு விட்டவள், அடிபடாமல் திரும்பி வந்ததற்காக யாரையும் இதுவரை குறை சொன்னதில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று நினைத்தாள். ஆனால் நாலரை மணிக்குப் பீரோவின் நடுத் தட்டு காலியாகக் கிடக்கும் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது.

ஊர் சும்மா இருக்கவில்லை. நடராசு முன்வந்து, சுப்புராசுவின் காலை எல்லோரும் பார்க்க நன்றாக மிதித்தார். "மன்னிச்சுக்க, சுப்பு," என்றார். சுப்புராசு மூச்சை இழுத்துப் பிடித்து, கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.

"பரவாயில்லைங்க," என்றார்.

இன்னொரு முறை மிதித்தார். அதே பதில்தான் வந்தது. மூன்றாவது முறை மிதித்தபோது சுப்புராசுவின் குரலில் இருந்த பரவாயில்லையைக் கேட்டு, அடுத்த தேர்தலில் ஒரு குடும்பத்து ஓட்டு முழுசாகப் போயிற்று என்று நடராசுவுக்குத் தெரிந்துவிட்டது. காலை மிதிப்பதை அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு பள்ளித் தலைமையாசிரியை மரகதவல்லியை அழைத்துவந்தார்கள். உச்சரிப்பில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. யாரோ அவர் குடையைக் கீழே தள்ளினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அவர் மூன்று சொற்களையும் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். தட்டில் இருந்தது அசையக்கூட இல்லை.

"டீச்சர், மனசுக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று திருவேங்கடம் மெதுவாகக் கேட்டார்.

"குடை புதுசு," என்றார் மரகதவல்லி.

மணி இரண்டாயிற்று. நடராசு நாகமணியைத் தனியே அழைத்து, புளியும் தேங்காய் நாரும் போட்டுக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் புழங்கினது மாதிரி ஆகிவிடாதா என்று காதோடு கேட்டார்.

"புழங்கித் தேஞ்சது வேற, சொரண்டித் தேஞ்சது வேற," என்றாள் நாகமணி. "கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் தடவிச் சொல்லிப்போடுவேன். அந்த மனுசருக்குத் தெரியாதுங்களா?" தொழில் என்று வந்துவிட்டால் அவள் தன் பக்கத்துக்குக்கூடச் சாய மாட்டாள்.

மூன்று மணிக்குத் திருவேங்கடம் எழுந்து பையை எடுத்தார். திருப்பி எடுத்துப் போவதென்றால் முதலில் எடை போட்டு எழுத வேண்டும், இங்கே தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் எதிர்ச்சாரியைப் பார்த்தார்கள். ஊஞ்சக்காட்டில் கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பாவாத்தாள் மில்லில் இருந்தது.

"நான் கொண்டு வர்றேனுங்க," என்றாள் நாகமணி. தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பதினான்கு தப்படி தூரம்தான். ஒன்பது வருடமாக நடக்காத தூரம். ஊர் பின்னாலேயே வந்து மில் வாசலில் நின்றது.

பாவாத்தாள் கம்பு அரைத்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை மாவு. ஆய்வாளரைப் பார்த்து, "வாங்க," என்று இயந்திரத்தை நிறுத்தினாள். நாகமணியைப் பார்க்கவில்லை. ஆனால் தன் முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். நாகமணி உட்காரவில்லை. தட்டைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பாவாத்தாள் மரபுத்தொடரைத் தூக்கினாள். தூக்கியவள் முகம் சுளித்தாள்.

"கவரோடயா எடை போடறது? சாக்கோட நிறுத்துக் கொடுத்தாள்னு நாளைக்கு ஒருத்தரு சொல்லக் கூடாதுங்க," என்றாள். முப்பது வருடப் பழக்கம் அது. சொல்லிக்கொண்டே ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்து, பாலித்தீன் உறையைச் சரக்கென்று மேலிருந்து கீழ்வரை கிழித்துப் போட்டாள்.

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாரியம்மன் நோம்பிச் சந்தனத்தோடு உறை இரண்டாகத் தரையில் கிடந்தது. அப்போதுதான் பாவாத்தாளுக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. மரபுத்தொடரைத் தராசில் வைத்தாள். முள் ஓடி, மூன்று கிலோ இருநூறில் நின்றது.

"நாகு," என்றாள். ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை. "பழக்கதோசத்துல கிழிச்சுப்போட்டேன். நீ ஒரு வருசமா பாத்துப் பாத்து வெச்சிருந்தது. மன்னிச்சுக்க, புள்ள."

நாகமணி கோபம் வரட்டும் என்று காத்திருந்தாள். அது எங்கிருந்து கிளம்பும் என்று அவளுக்குத் தெரியும், இடது காதுக்குப் பின்னால் சூடாகத் தொடங்கும். தொடங்கவில்லை. அவள் பாவாத்தாளின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக இருந்தது. மாவா, நரையா என்று தெரியவில்லை. எதிர்வீட்டிலேயே இருந்துகொண்டு அதுகூடத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தாள். உறையாவது ஒன்றாவது. ஒரு வருடமாகப் பீரோவிடம் சொன்ன கதைகளையெல்லாம் இந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

"நோ பிக் டீல்," என்றாள்.

மனப்பாடம் செய்து சொன்னது இல்லை. அதுவாக வந்தது. தராசு முள் ஒருமுறை நடுங்கி, மூன்று கிலோ நூறுக்கு இறங்கியது. திருவேங்கடம் பேனாவை எடுத்தார்.

பாவாத்தாள் முள்ளைப் பார்த்தாள், நாகமணியைப் பார்த்தாள். ஒரு பெரிய காரியத்தைக் கேட்பவள் முந்தானையை இழுத்துச் செருகுவதுபோலச் செருகிக்கொண்டாள்.

"அண்டாவுக்கும் சேத்தியா?"

நாகமணி கண்ணை மூடினாள். மனசுக்குள்ளே போய், அண்டா இருந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். விரலால் சுண்டிக் காது வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை.

"அண்டாவுக்குந்தான்," என்றாள். "நோ பிக் டீல்."

முள் ஒரேயடியாக நானூறு கிராம் இறங்கியது. பாவாத்தாள் அழுதாள், அழுகையோடு சிரிப்பும் வந்து, மாவெல்லாம் கன்னத்தில் களியாயிற்று. முந்தானையால் துடைத்ததில் ஒரு புருவம் கறுப்பாக வந்தது. இன்னொன்று வெள்ளையாகவே இருந்தது. நாகமணி முக்காலியில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு மில் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். சுப்புராசு ஓடிப்போய் மாமனைக் கையோடு அழைத்துவந்து, ரசம் கொட்டியதற்கு மறுபடி மன்னிப்புக் கேட்டார். மாமன் கொஞ்ச நேரம் தன் வேட்டியைப் பார்த்தார், பிறகு சொன்னார். தாடிக்காரர் சுப்புராசுவிடம் சொன்னார், அங்கேயே உட்கார்ந்து தாடியையும் எடுத்துக்கொண்டார். நடராசுவுக்கு மட்டும் சுப்புராசுவிடமிருந்து மூன்று முறை வாங்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை முள் இறங்கவில்லை, மறுபடி சொல்லவைத்தார்கள். மரகதவல்லி, குடை விஷயம் தனக்கு இன்னும் நாலு நாள் ஆகும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நாலு மணி பஸ் வந்து ஆரன் அடித்தபோது எடை இரண்டு கிலோ எண்பது. உறை இல்லாததால் நிறமும் எல்லோருக்கும் தெரிந்தது. வெந்தய நிறம். ஓரங்கள் உருண்டு, கைக்கு வாகாக வந்திருந்தது.

திருவேங்கடம் எழுதி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது நாகமணியிடம், ரொம்ப நன்றிங்கம்மா என்றார். அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேலதிகாரி என்பது நினைவுக்கு வந்ததும், "போயிட்டு வாங்க சார்," என்று நிறுத்திக்கொண்டாள்.

மரபுத்தொடரை மில்லிலேயே தராசுக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. வருகிறவர்கள் எடுத்துப் புழங்க வசதி. நாகமணி மாவு அரைக்கப் பஸ் ஏறுவதை விட்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பார்சல் வண்டி மறுபடி வந்தது. கடிதத்தை நாகமணி வாங்கிப் படித்தாள். ஒதுக்கீட்டை நல்ல முறையில் பயன்படுத்தியமைக்காக ஊஞ்சக்காட்டுக்குக் கூடுதலாக ஒரு வியாழக்கிழமை வழங்கப்படுகிறது, பொறுப்பாளர் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. பெட்டி நீளமாக இருந்தது. ஒரு ஆள் தூக்க முடியாத கனம்.

"ஏம்புள்ள, சித்த வந்து ஒரு கை பிடி," என்று நாகமணி தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி மில்லுக்குள் கொண்டுபோய், மாவு மூட்டைகளை ஒதுக்கிவிட்டு இறக்கினார்கள். அடியில் லேசாகப் பனி கசிந்துகொண்டிருந்தது.

"எப்பப் பிரிக்கலாம்?" என்றாள் பாவாத்தாள்.

நாகமணி அரிவாள்மணையை எடுத்துவந்து கயிற்றை அறுத்தாள்.

மில்லின் கிழக்கு ஜன்னலில் வியாழக்கிழமை விடிந்தது. வெளியே திங்கட்கிழமைப் பஸ் முன்னே பின்னே போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்குக் காப்பி போட்டாள். நாகமணி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லு," என்றாள். "உன்ற பொண்ணு சீர் முடிஞ்சு ஒறம்பரை சனமெல்லாம் கிளம்பிப் போனாங்களே, அங்கிருந்து ஆரம்பி. ஒண்ணும் விடாதே."